பால்மாப் பேணிக்குள் பற்றரி

அந்த நீலப் பீப்பாய்க்குள் என்னை இறக்கிவிட்டதும் முதலில் மூக்கில் ஏறுவது வினாகிரி வாசம். எந்தத் தொழிற்சாலைக்கோ ஒலிவ் காய் சுமந்து வந்த பிளாஸ்டிக் பீப்பாய் அது, எத்தனை தரம் கழுவினாலும் வாசம் போகாது. நான் காலுறையோடு உள்ளே நின்று துணிகளை மிதிக்க, எதிர்வீட்டு வேர்ணா அன்ரி தன் ஊருக்கு அனுப்பும் துவாய்களையும் சப்பாத்துகளையும் ஒவ்வொன்றாக நீட்டுவார். சப்பாத்துக்குள்ளும் ஒரு சவர்க்காரக் கட்டி திணித்திருக்கும். வெறும் காற்றைக் கப்பலில் அனுப்புகிறவன் மடையன் என்று அவர் சொல்வார். துணி உயர உயர நானும் உயர்ந்து, கடைசியில் விளிம்புக்கு மேலே தலை தெரியும்போது, அவருடைய மகள் ஷார்லின் என் கையைப் பிடித்து வெளியே இழுப்பாள்.

லூயிஷாமில் ஒரு கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடி. நாங்கள் ஊர் யுத்தத்துக்குத் தப்பி, ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் இருந்துவிட்டு வந்தவர்கள். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பகலில் தூக்கம், அதனால் அவரைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. வேர்ணா அன்ரியின் ஊர் டொமினிக்கா, கரிபியன் கடலில் மலையும் மழையுமாகக் கிடக்கும் ஒரு தீவு, பரப்பில் எங்கள் குடாநாட்டைவிடச் சிறியது. அவர் சம்பளத்துக்கு நாடகக் கொம்பனிகளுக்கு உடுப்பு வெட்டினார், மிச்ச நேரமெல்லாம் கார்னிவல் ஊர்வலங்களுக்கு வேடங்கள் தைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வரவேற்பறையில் தீவுக்காரர்கள் கூடுவார்கள். கீழ்மாடியில் இருந்த ஆண் தாதி கிளென், கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற ஒருவர், பிள்ளைகளுக்கு ஸ்டீல் மேளம் பழக்குகிற ஒருவர் என்று எல்லோரும் கோழிக்கறித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை, மருந்தகத்துக்கு என்ன தேவை என்று சண்டை பிடிப்பார்கள். ஊர் மந்திரியைச் சொந்தத் தம்பியைத் திட்டுவதுபோலத் திட்டுவார்கள்.

எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டிலும் ஊர்ப்பேச்சு உண்டு, தொலைபேசி அடித்தால் யார் செத்தது என்ற பேச்சு. திட்டுவதென்றாலும் குரலைத் தணித்துத்தான் திட்டுவார்கள்.

ஷார்லின் ஒவ்வொரு கோடையிலும் டொமினிக்கா போய், மாமா பிடித்த மீனையும் தான் குதித்த ஆற்றையும் பற்றிய கதைகளோடு திரும்புவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், எனக்கும் ஒரு தீவு இருக்கிறது, உன்னுடையதைவிடப் பெரியது என்றேன். கடைசியாக எப்போது போனாய் என்று கேட்டாள். எங்கள் பக்கத்துக்குப் போகிற பாதை பூட்டியிருக்கிறது என்றேன்.

"தீவை எப்படிப் பூட்டுவது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்று முழுவதும் அவளோடு நான் பேசவில்லை.

அந்த வருடம் பீப்பாயில் வழக்கத்தைவிடப் பெரிய சாமான் இருந்தது. லண்டனில் எத்தனையோ வருடம் மற்றவர்களின் பெயரில் வேடம் தைத்த வேர்ணா அன்ரி, முதல் தடவையாகத் தன் பெயரில், தான் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தன் ஊரின் கார்னிவலில் நடக்க வைக்கப் போகிறார். வேடம், அந்தத் தீவுக்கே உரிய ஊதா நிறக் கிளிகள். கோடை முழுவதும் அவர் வீட்டுத் தரையில் இறகு கிடந்தது, எங்கள் சோற்றிலும் ஒன்றிரண்டு கிடந்தன. மாசியில், தவக்காலத்துக்கு முன்னால் வருகிற கார்னிவலுக்கு, கார்த்திகையிலேயே பீப்பாய் கப்பல் ஏற வேண்டும்.

கிளென், ஊர் மருந்தகத்தில் இரத்த அழுத்தம் பார்க்கிற பிறஷர் மெஷின்களுக்குப் பற்றரி வேண்டும், யாராவது வாங்கிப் போடுங்கள் என்று கட்டடத்தில் எல்லோரிடமும் கேட்டார். யாரோடும் எதிலும் சேராத அம்மா, "நான் வாங்கித் தாறன் எண்டு சொல்லு" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அவர் முகத்தில் நான் அதற்குமுன் கண்டிராத ஓர் அவசரம் இருந்தது. ஓர் ஊருக்கு ஒரு சாமான் அனுப்புவதற்கு அவருக்கு அவ்வளவு பசி.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா புறப்பட்டு வந்த காலத்தில் குண்டு செய்ய உதவும் என்று எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுபோக இராணுவம் தடை போட்டிருந்தது. கைவிளக்குக்குப் போடுகிற ஒரு சின்ன "ரோச்" பற்றரி சோதனைச் சாவடியில் பிடிபட்டாலே ஆளை உள்ளே கொண்டுபோவார்கள். அதனால் பெண்கள் புட்டுமாவுக்குள் புதைத்துக் கொண்டுபோனார்கள், அம்மாவும் கொண்டுபோனவர். ஆகவே லூயிஷாம் சந்தையில் பற்றரிகளை வாங்கிவந்து, ஒரு பெரிய தகரப் பேணி பால்மாவைத் திறந்து, உள்மூடித் தாளைக் கத்தியால் மெதுவாகக் கிளப்பி, பொலித்தீனில் சுற்றிய பற்றரிகளை மாவுக்குள் இறக்கி, தாளை ஸ்திரிக்கைப் பெட்டியின் சூட்டால் திரும்ப ஒட்டிவைத்ததில் அவருக்கும் புதுமை இல்லை, பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் புதுமை இல்லை. சாமான் அனுப்புவது அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். பீப்பாய் மூடுகிற அன்று அம்மா அந்தப் பேணியை ஒருவருக்கும் சொல்லாமல் துணிகளுக்கு நடுவில் புதைத்துவிட்டார்.

தை மாதத்தில் பீப்பாய் டொமினிக்காவின் துறைமுகத்தில் மறிக்கப்பட்டது. வெள்ளைத் தூளுக்குள் எதையோ புதைத்து ஒட்டிய பேணி. எந்த ஊர் சுங்கக்காரனும் என்ன நினைப்பான்? விசாரணை முடியும்வரை கிளிகளும் சேர்ந்து உள்ளே. வேர்ணா அன்ரி எங்கள் கதவில் நின்றபோது சத்தம் போடவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. கார்னிவல் பிந்தாது, பீப்பாய் பிந்தினால் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையோடுதான் நடக்க வேண்டும், அல்லது நடக்கவே மாட்டார்கள், இனி யாரும் என்னிடம் வேடம் தைக்கத் தரமாட்டார்கள் என்றார். என்ன போட்டாய், ஏன் ஒளித்தாய் என்று உன் அம்மாவிடம் கேள் என்றார்.

கேட்டேன்.

"பற்றரிதானே பிள்ளை. ஆமி பறிச்சுப்போடுவான் எண்டுதான் ஒளிச்சனான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். வேர்ணா அன்ரி கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"எங்கள் தீவில் ஆமியே இல்லை என்று சொல்லு."

நான் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "ஆமி இல்லாத நாடோ? அந்த மனுசி என்ர மனம் நோகக்கூடாதெண்டு சொல்லுறா," என்றார். பிறகு கட்டிலில் போய் இருந்துவிட்டார், அன்றைக்கு உலை வைக்கவில்லை.

அடுத்த நாட்களில் எதிர்வீட்டுத் தையல் மெஷின் சத்தம் இல்லை. கிளென் துறைமுகத்துக்குத் தொலைபேசி அடித்தார், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வேர்ணா அன்ரி ஊரில் இருந்த ஒரு மச்சாளைப் பிடித்து, சுங்கத்தில் யார் பொறுப்பு என்று விசாரித்தபோது, வகுப்பில் தனக்குப் பின்னால் இருந்து தன் பின்னலை இழுத்தவன்தான் என்று தெரிந்தது. அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவனுக்குத் தொலைபேசி அடித்தார். இங்கே ஒரு தமிழ்ப் பெண், தன் ஊர் இராணுவத்துக்குப் பயந்து உன்னிடமிருந்து பற்றரியை ஒளித்திருக்கிறாள் என்று சொன்னார்.  மறுமுனையில் அந்த மனிதன் சிரித்தான், கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே காது கூசும் அளவுக்குச் சிரித்தான். பால்மாவை அரித்துப் பற்றரிகளை எடுத்து மருந்தகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், பீப்பாயை நாளைக்கே வந்து எடுக்கலாம் என்றும், அந்தப் பெண்ணிடம் அடுத்த முறை எல்லாவற்றையும் மேலே வைக்கச் சொல் என்றும் சொன்னான்.

"அவன் ஆர்?" என்று அம்மா கேட்டார்.

"கஸ்டம்ஸ்காரன்."

"கஸ்டம்ஸ்காரனோ சிரிக்கிறான்?" அம்மா வேர்ணா அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு விளங்காத தமிழில் நேராகவே சொன்னார், "குடுத்து வைச்ச சனம் அக்கா நீங்கள்." நான் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் அதே எரிச்சல்தான். கிளிகள் அந்தக் கார்னிவலில் நடந்தன.

பதினாறில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பாரிஸில் கோப்பை கழுவினேன், சூரிச்சில் அறை துடைத்தேன், அப்டன் பார்க்கில் புடைவைக் கடையில் நின்றேன், எங்கும் இரண்டு வருடம் தாண்டவில்லை. அம்மா இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தை இடித்து, பால்கனி வைத்த வீடுகள் கட்டிவிட்டார்கள். வேர்ணா அன்ரி ஊரோடு போய்விட்டார், கிளென்னும் பின்னால் போனார். ஷார்லின் பொறியியலாளர், லண்டனில் பாதி வருடம் உழைத்து, மீதி வருடம் புயலுக்குத் தாங்கும் கூரை போட டொமினிக்கா போகிறாள்.

எங்கள் பாதையும் திறந்து வருடங்களாயிற்று. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் கப்பலில் சாமான் அனுப்புகிற தமிழ்க் கடையே இருக்கிறது, எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. போன மாதம் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போனேன். பால்மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்கான உடுப்பு. கடைக்கார அண்ணை பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"அங்க எடுக்கிறது ஆர், தங்கச்சி?"

மாமாமார் கனடாவில். சித்தி பாரிஸில். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே என்று தெரியாது. எங்கள் வீட்டு வளவுக்குள் வேலி அடித்து நிற்கிற ஆமிக்காரரின் பெயரைத்தான் சொல்லலாம், அதுவும் எனக்குத் தெரியாது.

"ஒருத்தரும் இல்லையோ?" என்றார் அண்ணை, மெதுவாக. பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு வந்துவிட்டேன். ஷார்லின் அந்தக் கிழமைதான் ஊரில் போய் இறங்கியிருந்தாள். அங்கே பீப்பாய் எடுக்கப் போன துறைமுகத்தில் யாராவது ஒருவன் அவளைக் கண்டதும், இன்னாரின் மகள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். அவளுடைய படிப்பையும் கூரைகளையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒருவன் அவளுக்கு இருப்பதில்தான் என் பொறாமை முழுவதும்.