நெட்டில் வந்த சாட்சி

ஆந்திராவில் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவே மாந்தோப்பு வைத்திருந்த செங்கல்வராயனுக்கு எழுத்து வராது. ஆனால் எழுத்தில் இருப்பது பொய்யாகாது என்பதில் மனிதர் அசைய மாட்டார். அவருக்கு ஒரே ஆசைதான். ஊர் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரையில் முதல் பொங்கப்பானை தன் வீட்டிலிருந்து போக வேண்டும். அது நம் வீட்டு உரிமை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் அப்பா கண்ணை மூடினார். பானையோ வருஷா வருஷம் சிவசங்கரன் வீட்டிலிருந்து போனது.

மகள் மோகனப்ரியா திருப்பதியில் எம்.ஏ. படித்தாள். ஊர் ஜாத்திரையைப் பற்றியே ஆய்வு எழுத உட்கார்ந்தவள், ஒருநாள் செல்போனில் ஒரு வெப்சைட்டைப் படித்துக் காட்டினாள். முதல் பானை செங்கல்வராயன் வம்சத்தாருடையது என்று தெலுங்கில் போட்டிருந்தது.

"பாத்தியா! உலகத்துக்கே தெரிஞ்சிகீது, இந்த ஊருக்குத்தான் தெரியல," என்று துண்டை உதறித் தோளில் போட்டார். "இத உன் புக்குல எழுதிடு. கூட்டத்துல வெக்கறேன். சிவசங்கரன் மூஞ்சி எப்பிடிப் போவுதுன்னு பாக்கலாம்."

"இரு நைனா. யார் சொல்லி எழுதினான்னு தெரியாம போட்டா காலேஜ்ல மேடம் கிழிச்சிப் போட்டுருவாங்க."

"வேற சைட்லயும் கீதுன்னியே?"

"ஒருத்தன் எழுதினத மத்தவங்க அப்பிடியே எடுத்துப் போட்டுக்கீறாங்க. வரி கூட மாறல."

அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தவன் சந்தோஷமாகப் பேசினான். சில வருஷம் முன்பு சித்தூரிலிருந்து வரும் வழியில் ஜாத்திரை பார்த்தானாம். காதில் கடுக்கன் போட்ட பெரியவர் ஒருத்தர் எல்லாக் கதையும் சொல்லி, ஒரு கூடை மாம்பழமும் கொடுத்து அனுப்பினாராம். வேறு யாரையும் அவன் கேட்கவில்லை.

மோகனப்ரியா அப்பாவின் காதைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றார். "விருந்தாளி கேட்டான், சொன்னேன். நான் சொன்னா பொய்யாயிடுமா?"

"பொய்னு யார் சொன்னது? நீ சொன்னேன்னு எழுதறேன். உனக்குத் தாத்தா சொன்னாருன்னும் எழுதறேன். சிவசங்கரன் மாமா வீட்டுல சொல்றதையும் எழுதுவேன்."

"நான் பெத்த பொண்ணாடி நீ!"

அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

ஜாத்திரைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. "நெட்டுலயே வந்துகீதாமே மச்சான். காட்டு, நாங்களும் கண்குளிரப் பாக்கறோம்," என்று சிவசங்கரன் சீண்டினான்.

மகளிடம் வாங்கி வந்த போன் செங்கல்வராயன் சட்டைப் பையில்தான் இருந்தது. காட்டினால் பாதிக் கூட்டம் இந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அவரைப் போலவே அவர்களும் எழுத்தை நம்புகிறவர்கள். கை பைக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வெறுங்கையாகக் கீழே வந்தது.

"அதுல கீறது நான் சொன்னதுதான். எங்க நைனா சொன்னாரு, நான் நம்பறேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை, சிவசங்கரன்கூட. முதல் பானை அந்த வருஷமும் அவன் வீட்டிலிருந்தே புறப்பட்டது. செங்கல்வராயன் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். உரிமை எங்களுடையது என்பதை மட்டும் மனிதர் கடைசிவரை விடவில்லை. யார் சொன்னது என்று கேட்டால், "எங்க நைனா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.