எட்டாம் வகுப்புக் கூரைக்கு வந்த பணம்

எங்கள் பள்ளி எழுத்தரை எல்லோரும் தலைப்பு சார் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். யார் போய் எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்தத் தலைப்புல?" என்பார். அரசு எங்களுக்கு அனுப்பும் பணம் தனித்தனித் தலைப்பில் வரும். சாக்பீஸுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. ஒன்றில் இருப்பதை எடுத்து இன்னொன்றுக்குச் செலவழிக்கக் கூடாது, மிஞ்சினால் வருடக் கடைசியில் திரும்பிப் போய்விடும். மேலிடத்துக்குத் தெரியாமல் மாற்றிச் செலவழிப்பவர்கள் பல பள்ளிகளில் உண்டு. இவர் இருபத்தாறு வருடத்தில் ஒரு குண்டூசியைக்கூட மாற்றி வாங்கியதில்லை.

நான் அங்கே அறிவியல் ஆசிரியை. சோதனைக் குழாய் கேட்டு நடையாய் நடந்த வருடம், எனக்குப் பதினான்கு பூவாளிகள் வந்தன. பள்ளியில் ஒரு செடி கிடையாது.

"இதை வச்சு நான் என்ன சார் பண்றது?"

"ஆய்வுக்கூடத் தலைப்புல இந்த வருஷம் பைசா இல்ல டீச்சர். தோட்டத்துல நிறைய இருந்துச்சு."

"அமிலத்தைப் பூவாளியில ஊத்திப் பாடம் எடுக்கவா?"

"அது உங்க பாடம். அதுல நான் தலையிட முடியாது."

அந்த மனுஷனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இதை மறைப்பானேன்.

வீட்டிலும் இதே கூத்துதான் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். சம்பளம் வந்ததும் பழைய உறைகளில் மளிகை, மருந்து, பொழுதுபோக்கு என்று எழுதிப் பங்கு பிரித்து வைத்துவிடுவாராம். ஒருமுறை அந்த அக்காவுக்கு சினிமா போக ஆசை. பொழுதுபோக்கு உறை காலி. "மனசை லேசா வச்சுக்கணும்னு டாக்டர் சொன்னார்" என்று மருந்து உறையிலிருந்து இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிவிட்டார். தலைப்பு சார் அன்று வெகுநேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கே தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த அக்காவுக்கு இருந்த இன்னொரு ஆசை வாஷிங் மெஷின். அதை மட்டும் ஓய்வுபெறும்போது வரும் பணத்தில் வாங்கித் தருவதாகச் சத்தியமே செய்திருந்தார்.

இப்போது எட்டாம் வகுப்புக்கு வருகிறேன். அந்த அறையின் கூரை ஒழுகத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் மழை நாளில் பெஞ்சை இப்படியும் அப்படியும் நகர்த்தி, எந்த இடத்தில் சொட்டும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தலைப்பு சார் பழுதுபார்க்கப் பணம் கேட்டு மேலிடத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினார். பதினொன்றுக்கும் ஒரே பதில், கட்டடப் பழுதுத் தலைப்பில் நிதி இல்லை.

போன வருடம் ஒருநாள் மழை விட்ட பிறகு, கூரையிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து முதல் பெஞ்சில் விழுந்தது. அங்கே உட்காரும் பெண் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. சத்தம் கேட்டு வந்த தலைப்பு சார் அந்தக் காரைத் துண்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசையில், காகிதம் பறக்காமலிருக்கக் கோப்பின் மேல் வைத்துக்கொண்டார். வகுப்பு அன்றைக்கே தாழ்வாரத்துக்கு மாறியது.

நான் நேரே அவரிடம் போனேன். "ஆசிரியருங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போடறோம். கொத்தனாரைக் கூப்பிடுங்க."

"முடியாது டீச்சர். அரசு ஊழியர் சொந்தக் காசை அரசுக் கட்டடத்துல போட விதியில்ல. வாங்கினா எந்தத் தலைப்புல வரவு வைக்கிறது?"

நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் என் வேலை போய்விடும்.

அடுத்த மாதம், வருடக் கடைசி. விளையாட்டுத் தலைப்பில் கொழுத்த தொகை மிச்சமிருந்தது. திடீரென்று ஒருநாள் லாரியில் ஒரு பெரிய தார்ப்பாய் வந்து இறங்கியது. விளையாட்டுத் திடல் மழையில் நனையாமல் மூடுவதற்காம். 'என் பொறுப்பில் வாங்கப்படுகிறது' என்று தலைப்பு சார் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தார்ப்பாய் திடலுக்குப் போகவில்லை. எட்டாம் வகுப்புக் கூரையின் மேல் ஏறியது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக் கட்டினார்கள். மனுஷனுக்கு ஓய்வுபெறும் நேரத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது தணிக்கை அதிகாரி வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள், எங்கள் பள்ளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என் ஆய்வுக்கூடக் கணக்கைக் காட்ட நானும் அலுவலக அறையில் நின்றிருந்தேன்.

"திடலுக்குத் தார்ப்பாய் ஒண்ணு வாங்கியிருக்கீங்க. அது எங்க?"

"எட்டாம் வகுப்பு மேல சார்."

"அங்க என்ன விளையாட்டு நடக்குது?"

பிடிக்காத ஆள்தான், ஆனாலும் கடைசி நேரத்தில் ஓய்வுப் பணத்தில் பிடித்துவிடுவார்களே என்று மனசு கேட்கவில்லை. "செஸ் சார்" என்றேன். "பிள்ளைங்க அந்த ரூம்லதான் செஸ் ஆடறாங்க. அதுதான் அவங்களுக்குத் திடல்."

அதிகாரி பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார். "செஸ்ஸும் விளையாட்டுல சேர்த்திதான்" என்றார். அவருக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "சரி, அப்படியே எழுதிக்கறேன்."

"அவங்க சொல்றது பொய் சார்" என்றார் தலைப்பு சார். "இந்தப் பள்ளியில ஒரு செஸ் போர்டுகூடக் கிடையாது. இருப்புப் பதிவேட்டைப் பாருங்க. டீச்சர், தயவுசெஞ்சு நீங்க சும்மா இருங்க."

காப்பாற்றப் போன என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார். அவமானத்தில் எனக்குக் காது சிவந்துவிட்டது. அவர் பாட்டுக்கு விதிப் புத்தகத்தைத் திறந்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தை அதிகாரியின் பக்கமாகத் திருப்பினார்.

"விளையாட்டுப் பணத்துல கூரையை மூடினது தப்பு. முழுத் தொகையையும் சம்பந்தப்பட்ட ஊழியர்கிட்ட பிடிக்கணும். ஊழியர் நான்தான்."

"தெரியும்யா. எழுதறேன்" என்று அதிகாரி அலுத்துக்கொண்டே எழுதினார். "பிடித்த தொகையை, செலவு எதற்கானதோ அந்தத் தலைப்பில் பள்ளிக்கே வரவு வைக்கவும்."

"எந்தத் தலைப்புன்னு குறிப்பா எழுதிடுங்க சார்."

"கூரை வேலைக்குத்தானே? கட்டடப் பழுது."

எழுதி முடித்தவர் பேனாவைக் கீழே வைத்தார். கோப்பின் மேலிருந்த காரைத் துண்டைப் பார்த்தார். பிறகு தலைப்பு சாரைப் பார்த்தார்.

"உங்களுக்கு வேற வழியே கிடைக்கலையா?"

"பதினொரு தடவை எழுதிப் பார்த்துட்டேன் சார். நம்ம கைக்காசு அரசாங்கத்துக்குள்ள போறதுக்கு விதிப்படி இது ஒண்ணுதான் வாசல்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் காசு கூரைக்குப் போய்ச் சேரட்டும் என்றே தெரிந்து தப்புப் பண்ணியிருக்கிறார்.

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். "அபராதம்னு மேல பத்து சதவீதம் போடலாம், அதுவும் அதே தலைப்புலதான் சேரும். அது என் விருப்பம். வேண்டாம்னா விட்டுடறேன்."

"போடுங்க சார்" என்றார் தலைப்பு சார். "அந்த ரூம் ஜன்னலுக்குக் கதவில்ல."

அபராதம் போட்டுவிட்டு அதிகாரி எங்கள் டீயை வாங்கிக் குடித்தார். நாலரை மணி பஸ் போய்விட்டது.

கொத்தனார் இரண்டு வாரத்தில் கூரையை முடித்து வெள்ளையடித்தார். தார்ப்பாய் திடலுக்கு இறங்கியது. இருபத்தாறு வருடத்தில் கரும்புள்ளியே இல்லாத பணிப்பதிவேட்டில் 'நிதியைத் தவறாகக் கையாண்டவர்' என்று ஒரு வரி ஏறியது.

விடைபெறும் நாளில் அவர் மனைவியும் வந்திருந்தார். "கடைசி நேரத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டாராம் டீச்சர், பணத்தைப் பிடிச்சுட்டாங்க" என்று என்னிடம் மூக்கை உறிஞ்சினார். நான் கையைப் பிடித்து எட்டாம் வகுப்பு வாசலுக்கு அழைத்துப் போய், நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அந்த அக்கா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"இதுதான் என் வாஷிங் மெஷினா?"

"ஆமாங்க்கா."

"மருந்துக் கவர்ல நான் பண்ணின வேலையை என்கிட்டயே திருப்பிட்டார் பாருங்க."

உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. முதல் பெஞ்சில் அந்தப் பெண் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி விடுங்க டீச்சர்" என்றார். "இத்தனை நாளும் கையாலதானே துவைச்சேன்."