மலைக்கு ஏலக்காய் ஏற்றிய கதை

அந்த வெள்ளிக்கிழமை போடிநாயக்கனூர் கல்லூரி அரங்கில் இருந்தவர்கள்: பதினோரு ஆசிரியர்கள், கடைசி பெஞ்சில் முதல்வர், பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து போன நான். இல்லாதவர்கள், குரங்கணி மலைப் பக்கத்து மாணவிகள் ஆறு பேர். பயிற்சியே அவர்களுக்காகத்தான். மறுநாள் நடக்கும் மாதிரி வகுப்பு சரியாக அமைந்தால், வாரத்தில் மூன்று நாள் அவர்கள் மலையில் இருந்தபடியே செல்பேசி வழியாக வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம். சொதப்பினால் பழையபடி தினமும் ஜீப்புதான். "ஏலக்காய் எடுப்பு ஆரம்பிச்சா ரெண்டு பிள்ளைக படிப்பையே விட்ரும் தம்பி" என்றார் தாவரவியல் ஆசிரியை மரகதம்.

காலை ரயிலில் வந்திருந்தேன். கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். தேனி தாண்டியதும் மேற்கே மலை முழுக்கச் சாரல். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கிளம்பும்போது அம்மா கேட்டது காதிலேயே இருந்தது: "வாத்தியாருகளுக்கே பாடம் எடுக்கப் போறியா? அடிச்சிறப் போறாங்கடா!"

அடிக்கவில்லை, கிண்டல்தான் செய்தார்கள். மரகதம் அம்மா ஒரு ஏலக்காயைக் கேமரா முன் பிடித்தார். திரையில் பச்சையாக ஏதோ கலங்கித் தெரிந்தது. வணிகவியல் ஆசிரியர் ஜெபராஜ் விடவில்லை. அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம்.

"என்ன மேடம், வெண்டைக்கா பாடமா?"

மரகதம் அம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்: "உங்க யாவாரத்துல சாம்பிள கையில குடுக்காம வெலை கேப்பீங்களா சார்? வகுப்புக்கு முன்னாடியே பிள்ளைக கையில சரக்கு இருக்கணும்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. 'முதலில் கையில் கொடு' என்று பலகையில் எழுதினேன். அதன் கீழே, நான் சொல்ல வந்ததையும் எழுதினேன்: 'படம் நின்றாலும் பாடம் நிற்கக் கூடாது.' சாயங்காலம் ஜெபராஜ் கடையில் முதல் தரக் காயாகப் பொறுக்கி ஆறு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மலைப் பக்கம் வகுப்பு எப்படித் தெரிகிறது என்று பார்க்க நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஜீப்பு. குரங்கணி பதினாறு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். ஓட்டுநர் மூக்கை உறிஞ்சினார்.

"பையில என்ன சார், வாசம் தூக்குது?"

"ஏலக்காய்ணே. குரங்கணிக்கு."

வண்டியை மெதுவாக்கி என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். "லோடு மேல இருந்து கீழதான சார் எறங்கும்! கீழ இருந்து ஏத்துற மொத ஆளு நீங்கதான்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஊருக்கு மேலே, ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேர ஏற்றம். சிக்னல் கிடைக்கும், காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் ஆறு பேரும் காத்திருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்த கனகா என்ற மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், இது எங்க ஆத்தா எடுத்த காயாக்கூட இருக்கும்!" ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். வேறு வழி?

பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. எடுத்ததும் கனகா கேட்டாள்: "மேடம், காய் இங்க நெறையாக் கெடக்கு. ஒங்ககிட்ட பூ இருக்கா?"

கீழே அரங்கில் யாரிடமும் இல்லை.

"இருங்க, காட்டுறேன்" என்று களத்தை ஒட்டிய ஏலச் செடிகளுக்குள் இறங்கினாள். நாலு எட்டு வைத்ததும் அவள் அனுப்பிய படம் உறைந்து நின்றது. அரங்கில் சலசலப்பு. முதல்வர் கடிகாரத்தைப் பார்ப்பது என் செல்பேசியில் தெரிந்தது.

"படம் போனாப் போகுது" என்றார் மரகதம் அம்மா நிதானமாக. "கனகா, நீ வாயால சொல்லும்மா. ஜெபராஜ் சார், நீங்க வரைங்க."

"மூணு தலைமுறை யாவாரம் மேடம், சொல்லவே வேணாம்" என்று ஜெபராஜ் சுண்ணக்கட்டியை எடுத்தார். உயரமாகத் தண்டு, நீள இலை, உச்சியில் அழகாக ஒரு பூங்கொத்து. நான் செல்பேசியை நீட்டிக் காட்டியதும் கனகா கத்தினாள்.

"அய்யோ சார்! மேல இல்ல, கீழ! தூருல இருந்து சரமா வந்து தரையில கெடக்கும்!"

அரங்கே அதிர்ந்தது. அதிகம் சிரித்தவர் ஜெபராஜ்தான். அழித்துவிட்டு, பலகையின் அடியில் மண்டியிட்டு வரைந்தார். கனகா சொல்லச் சொல்ல வெள்ளைப் பூவும், அதன் உதட்டில் ஊதா வரிகளும் வந்தன. கடைசி பெஞ்சிலிருந்து முதல்வர் எழுந்தார்.

"தரையில கெடந்தா மழையில அழுகிறாதாம்மா?"

"அழுகும் சார். அதான் சருக ஒதுக்கி விடுவோம்."

அடுத்து இன்னொரு கேள்வி கேட்டார். அப்புறம் இன்னொன்று. வகுப்பை மதிப்பிட வந்தவர் மாணவராகிவிட்டிருந்தார். முடிவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "திங்கக்கெழம நீங்க ஜீப்புக்கு நிக்க வேணாம். அங்கயே சேந்துக்கங்க."

என் பொட்டலத்துக் காயைத் தட்டிப் போட்டே கனகாவின் அம்மா டீ கொடுத்தார். திரும்பும்போது என் பையில், ஈர இலையில் சுற்றிய பூச்சரம் ஒன்று. அரங்கில் இருப்பவர்களுக்கு மலை அனுப்பும் சாம்பிள். அதே ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "இப்பத்தான் சார் லோடு சரியான பக்கம் போவுது."

இரவு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "அடிக்கலையில்ல? எம்புட்டுச் செலவு?" என்றார். ஏலக்காய் நூற்று எண்பது, ஜீப்பு போக வர நூறு, கனகாவின் செல்பேசிக்கு ரீசார்ஜ் இருபத்திரண்டு. கல்லூரிக்கு அந்த மலை வகுப்பு வைத்த செலவு, மொத்தம் முந்நூற்று இரண்டு ரூபாய்.