காற்றுக் குழாய்க்குள் ஒரு பழஞ்சீலை

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டில் ஃபேர்னஸ் என் சொல்லை மட்டும்தான் கேட்கும். வீடு முழுவதையும் சூடாக்கும் அந்த இரும்புப் பெட்டி, நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில் ஒரு சின்ன அறைக்குள் நின்றது. என் கணவர் அது வெடிக்கப் போகிறது என்பதுபோல எப்போதும் இரண்டடி தள்ளியே நிற்பார். முதல் குளிர்காலத்தில் அது நின்றுபோனபோது, திருத்த வந்தவன் காற்று வடிக்கும் ஃபில்ரரை உருவி, அதில் படிந்திருந்த தூசியை என் முகத்துக்கு நேரே காட்டி, புதியதைச் செருகிவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விட்டான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பெட்டியின் கதவைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த விளக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன்.

இரண்டு வருடத்தில் எனக்கு அது தண்ணி பட்ட பாடாகிவிட்டது. சின்னச் சுடர் அணைந்தால் எப்படிக் கொளுத்துவது, காற்றாடியின் பெல்ற் தளர்ந்தால் எப்படிச் சத்தம் போடும் என்பதெல்லாம் அத்துப்படி. தெரிந்த பெண்கள் ஃபோன் எடுத்துக் கேட்பார்கள். "எப்ப நிண்டது? அதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?" என்பேன். பெட்டியின் பாதி வருத்தம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். ஒரு வீட்டில் பேஸ்மென்ற் படிக்கு மேலே இருந்த ஃபேர்னஸ் சுவிச்சை லைற் சுவிச் என்று நினைத்து அணைத்துவிட்டு, இரண்டு நாள் கோட்டுப் போட்டபடி சோறு தின்றிருக்கிறார்கள். அதை ஃபோனிலேயே திருத்திக் கொடுத்தேன். மறைப்பானேன், எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

குளிர்காற்றோடு எனக்குத் தனிப் பகை. யன்னல்கள் எல்லாவற்றுக்கும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி மேளத்தோல் போல இழுத்து வைத்தேன். கதவு இடுக்குகளுக்குப் பஞ்சு ஒட்டினேன். மூன்றாம் குளிர்காலத்தில்தான் ஃபேர்னஸ் அறைக்குள் அந்தக் குழாயைக் கவனித்தேன். வெளிச்சுவரிலிருந்து இறங்கி, தரைக்குக் கிட்ட வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாய் ஒரு பால்மா ரின் அளவு இருக்கும். கையை வைத்தால் தை மாதத்துக் குளிர் அப்படியே கொட்டியது. கதவில் ஒட்டியிருந்த விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் வீட்டைச் சூடாக்கப் பாடுபடுகிறேன், கட்டினவன் ஓட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறானே என்று அவனைத் திட்டித் தீர்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு பழைய நைலெக்ஸ் சீலையைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு மேலே வந்தேன்.

பேஸ்மென்றில் அப்போது ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு மாதக் குழந்தை. அவன் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். அவள் பிள்ளையோடு நாள் முழுக்கக் கீழேதான். ஃபேர்னஸ் அறை அவர்களுடைய படுக்கையறைக்குப் பக்கத்தில். வந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்: "பிள்ளை, இந்த அறைக்குள்ள ஒண்டிலயும் கை வைக்கப்படாது. என்ன எண்டாலும் என்னைக் கூப்பிடும்."

அவள் தலையாட்டினாள். அதன் பிறகு இரண்டு தரம் சீலை தரையில் விழுந்து கிடந்ததைக் கண்டேன். காற்றுத்தான் தள்ளியிருக்கிறது என்று நினைத்து, இரண்டாம் தரம் வீடு கூட்டும் தும்புத்தடிக் காம்பால் இறுக்கிக் குத்தி ஏற்றினேன்.

அந்தக் கிழமையிலிருந்து அவள் தலையிடி என்று சொல்லத் தொடங்கினாள். பிள்ளை பெற்ற உடம்பு, நித்திரையும் இல்லை, வேறென்ன வரும் என்று மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். குழந்தை அழுகிற சத்தமும் முன்னைப்போல மேலே கேட்கவில்லை. "நல்ல பிள்ளை, வடிவா நித்திரை கொள்ளுது," என்று நானே மெச்சினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற பெரிய ஃபான் முழு வேகத்தில் ஓடியது. அவள் குழந்தையைத் தோளில் போட்டபடி படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. சாப்பிட்டதைச் சத்தி எடுத்ததாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் சமைக்கேக்கைதான் கூடுது," என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுக் குசினியில் நான் மீன் பொரிக்க இவளைக் கேட்க வேண்டுமா?

"மீன் மணம் பிடிக்கேல்லை எண்டால் நேர சொல்லும்," என்றேன்.

"மணம் இல்லை அக்கா. வெளியில போய் நிண்டால் அரை மணித்தியாலத்தில விட்டுடுது. கீழ வந்தால் திருப்பித் தொடங்குது. இவனும் எழுப்ப எழும்புறான் இல்லை."

எப்போது வருகிறது, எப்போது போகிறது. ஊருக்கெல்லாம் நான் ஃபோனில் கேட்கும் கேள்விக்கு அவள் கேட்காமலே பதில் சொல்லிவிட்டாள். கீழே எரிவது ஃபேர்னஸ்தான். அடுப்பை அணைத்தேன். கம்பளியால் மூடி இருவரையும் முன்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாமித்தட்டிலிருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கீழே ஓடினேன்.

நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் வேர்த்திருந்தது. புகைபோக்கி தொடங்கும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை மேலே இழுபட்டுப் போக வேண்டும். அது திரும்பி என் முகத்தில் அடித்தது. எரிந்த காஸ் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளே இறங்குகிறது. சுவிச்சை அணைத்துவிட்டு ஒரே ஓட்டமாக மேலே வந்து உதவிக்கு ஃபோன் எடுத்தேன்.

வாசல் குளிரில் குழந்தை தும்மியது. பிறகு வாயைத் திறந்து வீரிட்டு அழுதது. ஒரு பிள்ளை அழுததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆம்புலன்ஸ் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, காஸ் கொம்பனி ஆள் ஒரு மீற்றரோடு கீழே இறங்கினான். குழாயைக் கண்டதும் இரண்டு விரலால் சீலை நுனியைப் பிடித்து இழுத்தான். ஊதா நைலெக்ஸ் முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. நெருப்பு இந்த வழியால்தான் காற்று எடுக்கிறது என்றான். யன்னல்களையும் ஒட்டி, இதையும் அடைத்து, மேலே ஃபானையும் போட்டால், வீடு புகைபோக்கிக்குள்ளால்தான் காற்றை இழுக்கும். நச்சுப் புகையும் அதோடு இறங்கும். ஃபான் போடும்போது குசினி யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னான். யார் அடைத்தது என்று கேட்டான். நான்தான் என்றேன். அவன் சீலையை மடித்து என் கையில் தந்தான்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நல்ல நேரத்துக்கு வந்தீர்கள் என்று அடுத்த நாள் அனுப்பினார்கள். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதை வாங்கிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"பிள்ளை, அந்தக் குழாயை அடைச்சது நான்தான்."

"ஓம் அக்கா, தெரியும். உங்கட சீலைதானே. ரெண்டு தரம் நான் இழுத்து எடுத்தனான். முதல் நாளே அதுக்குள்ளால காத்து வாறதைக் கண்டனான். காத்து வாற வழியை அடைச்சால் நெருப்பு எப்பிடி எரியும் எண்டு யோசிச்சன். நீங்கள் திருப்பி வைச்சனீங்கள்."

"ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?"

அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "உங்களுக்கு ஃபேர்னஸ் பற்றி எல்லாம் தெரியும்தானே அக்கா. நான்தான் பிழையாக்கும் எண்டு விட்டிட்டன்."

ஃபேர்னஸ் அறையை நான் பூட்டுவதில்லை, ஆனாலும் சாவி என்னிடம்தான் இருந்தது. அந்தத் திறப்பைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். "இனி ஏதும் பிழையாப் பட்டால் கை வையும். பிறகு எனக்குச் சொன்னால் போதும்," என்றேன்.

அடுத்த நாளே யன்னல் பிளாஸ்ரிக்கெல்லாம் கழற்றினேன். குசினி யன்னலில் மட்டும் அதைக் கழற்றாமல் விட்டேன், வீம்புக்குத்தான். அடுத்த சனிக்கிழமை மீன் சட்டியில் விழுந்தது, ஃபானும் ஓடத் தொடங்கியது. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கையில் புகைகிற ஊதுபத்தியோடு படியில் நின்றாள்.

"அக்கா, யன்னல் திறந்திருக்கோ?"

இல்லை. நான் பிளாஸ்ரிக்கைக் கிழித்து யன்னலைத் திறந்தேன்.