காறு வந்துட்டு

"வெயில விக்கப் போறியா மோளே?" என்று அப்பா கேட்டார். அந்தக் கிண்டல் அவருக்கே பிடித்துப்போய், அம்மாவிடமும் ஒரு தடவை சொல்லிச் சிரித்தார்.

தம்பானூர் லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டுத் தொழில். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனதோடு நிற்காமல் பி.காம். முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். துணி உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கி, நம் துணியோடு தெருவிலுள்ள மற்ற வெளுப்பு வீடுகளின் துணியையும் காயவைத்துக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

எனக்கு அந்த யோசனையைத் தந்தது ஒரு வார்த்தை.

நான் சிறுமியாக இருந்தபோது மகர மாதத்தில், அதாவது தையில், கொடியில் போட்ட விரிப்பு அப்பளம் மாதிரி காயும். இப்போது மகரத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டுகிறது. போன மகரத்தில் ஒரு மத்தியானம், விரிப்புகளை எடுத்துப்போக லாட்ஜ் கார் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. கொல்லையிலிருந்து அம்மா கத்தினாள்: "மோளே, காறு வந்துட்டு, ஓடு!"

ஓடினேன், வாசலுக்கு. தலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன். தெருவில் ஒரு பூனைதான் நின்றது. மலையாளத்தில் மழைமேகமும் காறு, மோட்டாரும் காறு. எங்கள் வீட்டுத் தமிழும் அதையே பழகிவிட்டது. அம்மா சொன்னது ஆகாயத்துக் காறு. நான் கொல்லைக்குத் திரும்புவதற்குள் அத்தனை விரிப்பும் தொப்பலாகிவிட்டது. தரையில் ஓடும் காறு சரியாக இரண்டு மணிக்கு வந்து, வெறுமனே திரும்பிப் போனது.

"இனி ஒரு தடவ கூடி இப்படி ஆச்சுன்னா வேற ஆள நோக்கிக்கிடுவேன், கேட்டியா?" என்றார் லாட்ஜ் மேனேஜர் போனில். எங்கள் வேலையில் பாதி அந்த லாட்ஜை நம்பித்தான் ஓடுகிறது.

"வெயிலு சும்மா கெடைக்குதுல்லா?" என்று அப்பா மெஷின் பேச்சைத் தொடர்ந்தார்.

"கெடைக்கும்பா. சொன்ன நேரத்துக்குக் கெடைக்காதே!"

"அப்போ வெயிலடிச்சா மெஷினுக்கு லீவா?"

"ஆமா. எனக்கும் லீவு."

மறு வாரமே இன்னொரு மழை. பக்கத்து வீட்டில் வெளுப்பு வேலை செய்யும் அக்கா, மெஷின் பேச்சு காதில் விழுந்திருக்கும்போல, நனைந்த மூட்டையோடு வந்து நின்றாள். "ஏளா, ஒங்க மெஷினு வந்துட்டா?"

மெஷினே வாங்கவில்லை, அதற்குள் முதல் வாடிக்கை! அப்பா மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சவளே, கரண்டுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?" என்றார்.

நேற்று மின்சார ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். வழியில் அவர் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்து, "காறு வந்துட்டு" என்றார். வரட்டும் என்றேன். மெஷினுக்கான இணைப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. என்ன தொழில் என்ற இடத்தில் 'துணி உலர்த்துதல்' என்று மலையாளத்தில் என் கையாலேயே எழுதினேன்.