வண்டல் ஏறாத தொட்டி

மூங்கில் கம்பின் நுனியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி, அதன் மேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார் சூப்பர்வைசர். முட்டிவரை மடித்துவிட்ட கால்சட்டை, ரப்பர் செருப்பு, கையில் தடித்த கையுறை. பின்வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற சிமெண்டுத் தரையில் செப்டிக் டேங்கின் மூடி ஒருபக்கமாக நகர்த்தப்பட்டிருக்கிறது. திறந்த உடனே கிட்டே போகக் கூடாது, உள்ளே அடைந்திருக்கும் வாயு முதலில் வெளியேற வேண்டும். தலையை நீட்டி எட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் தீக்குச்சி உரசவே கூடாது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறார். கேட்பதற்கு மதில்மேல் ஒரு பூனை மட்டும்தான் இருக்கிறது. "தள்ளிப் போ. உனக்கென்ன இங்க வேலை?" என்று அதையும் அதட்டி வைக்கிறார்.

கம்பை மெதுவாக இறக்குவார். அடியில் தட்டியதும் கொஞ்ச நேரம் அசையாமல் பிடிப்பார். பிறகு எதிலும் இடிக்காமல் நேராக மேலே தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். துணியில் எதுவரை கறுப்பு ஏறியிருக்கிறதோ அதுவரை வண்டல். அதற்கு மேலே வெறும் அழுக்குத் தண்ணீர். சமையலறை ஜன்னலில் அவர் மனைவியின் முகம் தெரியும்.

"என்னங்க, சௌக்கியமா இருக்காளா?"

"யாரு?"

"உங்க மூத்த மக."

இந்தக் கிண்டல் பழசு. அவரும் பழகிவிட்டார். "நல்லா இருக்கா, நல்லா இருக்கா" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தள்ளுவார்.

பெரிய துணிக்கடை ஒன்றில் தளம் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பதுதான் வேலை. எந்தப் பையன் சும்மா நிற்கிறான், எந்தப் பெண் துணியை மடிக்காமல் போட்டிருக்கிறாள், யார் கைப்பையில் என்ன நுழைகிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அங்கிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். பார்வையை அனுப்ப முடியவில்லை, அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தெருவில் எல்லாரும் இன்றும் அவரை சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மனைவி அந்தப் பெயரைக் கோபம் வந்தால் மட்டும் சொல்வார்.

ஆனால் தொட்டிமேல் அவருக்கு வந்த பக்திக்குக் காரணம் வேறு. மகனின் கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள். கட்டின நாளிலிருந்து அந்த மூடியை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. வந்த கூட்டத்துக்கு அது தாங்கவில்லை. தண்ணீர் போகாமல் நின்றது, பிறகு வந்த வழியே திரும்பி வந்தது. பெண்ணின் அம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு குளியலறையிலிருந்து நுனிக்காலில் வெளியே வந்ததை அவர் கண்ணால் பார்த்தார். அன்றைக்கென்று கழிவு உறிஞ்சுகிற லாரியும் கிடைக்கவில்லை. சம்பந்தி வீட்டாரைப் பிரித்துப் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கூட்டிப் போய், "கொஞ்சம் அவசரம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று வாசலில் நின்று கேட்டார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. "நம்ம மானம் போனது அந்தக் குழாய் வழியாத்தான்" என்று இப்போதும் சொல்வார்.

அதன் பிறகு வந்தன சட்டதிட்டங்கள். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் எண்ணெய் ஊற்றக் கூடாது, டீத்தூள் கொட்டக் கூடாது. ஆசிட் போட்டுக் கழுவினால் உள்ளே வேலை செய்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடும். எல்லாரும் குளிக்கிற நேரத்தில் துணி துவைக்கிற இயந்திரத்தைப் போடக் கூடாது. மனைவி ஆசையாக வளர்த்த எலுமிச்சை மரத்தின் வேர் கழிவுநீர் உறிஞ்சுகிற குழிப் பக்கம் போகிறது என்று அதையும் வெட்டினார். காய்க்கத் தொடங்கியிருந்த மரம். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரிடம் 'ம்', 'ஊஹூம்' தவிர எதுவும் பேசவில்லை.

குளியலறையில் எச்சரிக்கைப் பலகை எதுவும் கிடையாது. அவரே பலகை. கதவுக்கு வெளியே நின்று, "யாரு உள்ள? தண்ணி போதும்! டேங்க் மூச்சு விட வேணாமா?" என்பார். மனைவியின் தம்பி ஒருமுறை வெளியே வந்து, "அத்தான், அடுத்த தடவை சீட்டு வாங்கிட்டே உள்ள போறேன்" என்று கும்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, உள்ளே போய்க் குழாயை இறுக மூடியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தார்.

அவர் சொல்வதில் தப்பு எதுவும் கிடையாது. தெருவில் மற்ற வீடுகளில் மழைக்காலம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இவர் வீட்டில் அப்படியில்லை. ஆனால் எப்போதும் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிற ஆளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மருமகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். அங்கே பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தையோடு இந்த வீட்டில் இருந்தபோது ஒருநாள் தொட்டிக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டது. லாரி வந்தது. சூப்பர்வைசர் தானே கொக்கியை விட்டுத் துழாவி அடைப்பை இழுத்தார். பெண்கள் தாளில் சுருட்டி யார் கண்ணிலும் படாமல் எறிகிற பொருள் அது. அதைச் சிமெண்டுத் தரையில் எல்லாரும் பார்க்கிறமாதிரி விரித்துப் போட்டார்.

"எல்லாரும் இங்க வாங்க! இது யாரு போட்டது? எனக்குத் தெரிஞ்சாகணும்."

கடையின் மூன்று மாடிக்கும் கேட்கிற குரல் அது. பக்கத்து வீட்டு மாடியில் தலைகள் முளைத்தன. லாரி டிரைவர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டு, "சார், விடுங்க சார், நான் அள்ளிப் போட்டுடறேன்" என்றார். மகன், "அப்பா, உள்ள வாங்கப்பா" என்று கையைப் பிடித்தான்.

"கையை விடுறா. இன்னிக்கு விட்டா நாளைக்கு வீடே மிதக்கும்."

மருமகள் குழந்தையைத் தோளில் போட்டபடி பின்வாசல் படியில் நின்றாள். "நான்தான் மாமா. தெரியாம போட்டுட்டேன்."

"தெரியலைன்னா கேக்கணும்!" என்று தொடங்கி, எது கரையும், எது கரையாது, கரையாதது எங்கே போய் மாட்டும் என்று அங்கேயே பாடம் நடத்தினார். அவள் கடைசிவரை நின்று கேட்டாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்த கை மட்டும் நிற்கவில்லை. கடையில் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த அன்றைக்கு வருகிற திருப்தி அவருக்கு அப்போது வந்தது. அதை இப்போது நினைத்தால் அவருக்கே உடம்பு கூசுகிறது.

கொஞ்ச நாளில், "ஆபீஸ் ரொம்ப தூரமா இருக்குப்பா" என்று மகன் வேறு வீடு பார்த்துப் போனான். அவர் நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது. ஞாயிறு தவறாமல் குழந்தையோடு வந்தார்கள், சாப்பிட்டார்கள், வெயில் தாழ்வதற்குள் கிளம்பினார்கள். குழந்தை வளர்ந்து பேசத் தொடங்கினாள். ஒரு ராத்திரிகூட இந்த வீட்டில் தங்கியதில்லை. அவளைத் தன் பக்கத்தில் படுக்கவைத்து ஒரு கதை சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. "இன்னிக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்று கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் பார்க்கலாம் மாமா" என்பாள் மருமகள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

சமீபத்தில், வண்டல் ஏறாவிட்டாலும் கெடு வந்துவிட்டது, தொட்டியைக் காலி செய்யலாம் என்று லாரியைக் கூப்பிட்டார். அதே டிரைவர். கம்பை விட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே சார். முன்ன நின்ன அளவுலயே நிக்குது."

சூப்பர்வைசருக்கு மார்பு நிமிர்ந்தது. "பராமரிப்புன்னா சும்மாவா?"

"பராமரிப்பு இல்ல சார். ஆளு இல்ல. குடும்பம் பெரிசுன்னுதானே இவ்வளவு பெரிசா கட்டியிருக்கீங்க? எல்லாரும் எங்க?"

இதை வேடிக்கைபோல மனைவியிடம் போய்ச் சொன்னார். "ஆளு இல்லையாம்! பசங்க வாராவாரம் வந்துட்டுத்தானே இருக்காங்க?"

அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வர்றாங்க. பாத்ரூம் பக்கம் போறாங்களா? என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். எதைத்தான் பார்க்காமல் விட்டார்? இதைப் பார்க்கவில்லை.

"குட்டியை அவங்க வீட்டுலயே போக வெச்சுத்தான் கூட்டிட்டு வர்றா நம்ம மருமக. நடுவுல வந்துடக் கூடாதுன்னு இங்க தண்ணிகூட குடிக்க விடறதில்ல."

'வேணாம் தாத்தா' என்று பழச்சாற்றைத் தள்ளிவைக்கிற சின்னக் கை அவர் கண்முன் வந்தது. என் பேத்தி எதற்கும் ஆசைப்பட மாட்டாள், வளர்ப்பு அப்படி என்று தெருமுழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். வெயில் காலத்தில்கூட அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட நீ சொல்லல?"

"சொல்லியிருந்தா எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, யாரு போகல, எனக்குத் தெரிஞ்சாகணும்னு கேட்டிருப்பீங்க."

வெளியே போய்த் தொட்டியின் மூடிமேலேயே உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழவில்லை. மருமகளை அன்றைக்கு அப்படி நிற்க வைத்திருக்க வேண்டாம் என்று அன்றுதான் முழுசாக உறைத்தது. வருஷங்கள் போன பிறகு உறைத்து என்ன பயன் என்பதும் கூடவே உறைத்தது.

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். "மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்ல நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடையில் மற்றவர்கள்தான் அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். அவர் சொல்லிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது தொண்டையைச் செருமினார்.

"டேங்க்கைப் பார்த்தேம்மா."

மருமகளின் முகம் இறுகியது. மகன் போனைக் கீழே வைத்தான்.

"நல்லா இருக்கு. உள்ள நிறைய... நிறைய இடம் இருக்கும்மா."

சமையலறை வாசலில் நின்ற மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

"அப்படியா மாமா" என்றாள் மருமகள். குழந்தையை இன்னும் கொஞ்சம் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை நெளிந்தாள். இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு அம்மாவின் காதில் ரகசியம் சொன்னாள். நாலு வயசுக் குழந்தையின் ரகசியம் கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, வருது."

"கொஞ்சம் பொறுத்துக்கோடா செல்லம். இப்பவே கிளம்பிடலாம்." மருமகள் பையை எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்தாள். கோபம் வந்துவிட்டதா என்று கேட்கிற பார்வை. 'போடா கண்ணு, எவ்வளவு தண்ணி வேணும்னாலும் ஊத்திக்கோ' என்று சொல்ல வாயெடுத்தார். தான் எதைச் சொன்னாலும் கடைக்குரலில்தான் வரும், குழந்தை பயந்துபோவாள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார்.

எழுந்து செருப்பை மாட்டினார். "எனக்கு வெளிய கொஞ்சம் வேலை இருக்கு. வர நேரமாகும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கேட்டை வெளியிலிருந்து சாத்தினார்.

ஞாயிறு மத்தியானத்தில் அவருக்கு என்ன வேலை? தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே நிழல் இல்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "என்ன சார், இந்த வெயில்ல நிக்கறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அங்கிருந்து பார்த்தாலும் குளியலறையின் சின்ன ஜன்னல் தெரிந்தது. சூப்பர்வைசர் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, எதிர்வீட்டு மதிலைப் பார்த்தபடி நின்றார்.