ஆல்பம் அட்டையில் இரண்டாவது ஆள்

அன்று பெர்க்லியில் அந்தக் கடைவாசலில் நின்றவர்கள்: நான், என் மகன் முரளி, என் தம்பி சுந்தரம், பெண்ணின் அப்பா ராமநாதன், பெண் கீதா. ஒருவர் முகத்தையும் மறக்கவில்லை.

எண்பதுகளில் ஒரு ஜூலை. முரளிக்குப் பெண் பார்க்க, அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பிளெய்ன்ஸ்பரோவில் மகள் வீட்டிலிருந்து புறப்பட்டேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில், நூவர்க்கில் விமானம், ஆறு மணி நேரம். கோடைதானே என்று பருத்திப் புடவையோடு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி நடுங்கினேன். அங்கிருந்து பாலம் தாண்டி இருபத்தைந்து மைல், அப்போது அங்கே இருந்த சுந்தரத்தின் காரில்.

முரளிக்கும் அங்கேதான் வேலை, பகலில் எஞ்சினியர். மாலையில் ஃபங்க் என்கிற ஆட்டப்பாட்டுக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார். கட்டைவிரலால் அவன் கம்பியை அடித்தால் நம் நெஞ்சுக்குள் இடிக்கும். முதல் இரண்டு ஆல்பங்களை யாரும் சீண்டவில்லை. மூன்றாவதுக்கு ஊரே ஆடியது.

"அக்கா, கிட்டார் விஷயத்தை அவங்ககிட்ட எடுக்காதே. நானும் சொல்லல" என்றான் சுந்தரம்.

"ஏன்டா, அவன் என்ன திருடவா போறான்?"

"கல்யாணம் முடியட்டும்க்கா."

பெண் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தோம். ஒரு இசைத்தட்டுக் கடையின் கண்ணாடியில் அந்த மூன்றாவது ஆல்பம். அட்டையில் ஐந்து பேர், இரண்டாவது முரளி.

"மாப்பிள்ளை, இது நீங்கதானே?" என்றார் ராமநாதன்.

முரளி வாய் திறப்பதற்குள் சுந்தரம் முந்தினான். "சேச்சே, அது யாரோ மெக்சிகோக்காரன் சார்!"

முரளி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "யார்டா மெக்சிகோக்காரன்? நான் பெத்த பிள்ளை."

கீதா சிரித்துவிட்டாள். "அங்கிள், இது எங்கிட்டயே இருக்கு. பின்னாடி பேர் போட்டிருக்கு."

ராமநாதன் சிரிக்கவில்லை. "பாட்டு வாசிக்கிறது தப்பில்லம்மா. தாய்மாமனே வாய் கூசாம மறைக்கிறார். இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்களோ?" என்று மகளை அழைத்துக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். முரளி அதன்பின் வேறு பெண் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை.

இன்று என் மகள் வயிற்றுப் பேரன் காரில் போடும் புதுப்பாட்டுகளிலும் அதே கட்டைவிரல் அடி கேட்கிறது. யார் யாரோ அந்தப் பழைய தட்டிலிருந்து அதை வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டில் போட்டுக்கொள்கிறார்களாம். முரளியிடம் கற்றுக்கொள்ள இப்போதும் பிள்ளைகள் வருகிறார்கள்.

போன மாதம் ஹூஸ்டனில் சுந்தரம் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். வருகிறவர்களிடம், "என் அக்கா பையன். கிட்டாரை வாசிக்கச் சொன்னதே நான்தான்" என்கிறான்.

பெர்க்லி போகிறவர்கள் ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். பெண் பார்க்கப் போனால் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போங்கள். ராமநாதனை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவர் கேட்டது நியாயம்.

சுந்தரத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.